எஞ்சியதைக் கொண்டு செலவானதை அறிதல்

(வணிகவியல் மாணவர்களும் சிறுதொழில் நடத்துவோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



தொழில் நடத்தும் ஒருவரிடம் சென்று, போன மாதம் எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்டால் அவர் தயங்காமல் சொல்லிவிடுவார். எவ்வளவு லாபம் வந்தது என்று கேட்டால் சற்றே யோசித்துச் சொல்லுவார். ஆனால், செய்த பொருளுக்கு மேல் இன்னும் ஒன்றே ஒன்றைச் செய்திருந்தால் உங்கள் கைப்பணம் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் மாதத்தின் மொத்தச் செலவை மொத்த உருப்படிகளால் வகுத்து வந்த ஈவையே விடையாகத் தருவார்கள். அந்த விடை அநேகமாக எப்பொழுதும் தவறானது. வாடகையும், காவல்காரர் சம்பளமும், கருவிகளின் தேய்மானமும் அந்த ஈவுக்குள் கலந்திருக்கின்றன. இன்னும் ஒரு பொருள் செய்வதனால் அவற்றில் ஒரு காசும் கூடுவதில்லை. அந்த ஒரு பொருளுக்காக உண்மையிலேயே செலவாவது எதுவோ அதனை மாறும் செலவு என்றும், பொருள் ஆனாலும் ஆகாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டியது எதுவோ அதனை மாறாச் செலவு என்றும், விற்ற தொகையில் மாறும் செலவு போக மிஞ்சுவது எதுவோ அதனைப் பங்களிப்பு என்றும் கணக்கியல் நூல்கள் வழங்குகின்றன. பங்களிப்பு தெரிந்தால் அதிலிருந்து மாறும் செலவை எவ்வாறு கண்டறிவது என்பதும், அவ்வாறு கண்டறிந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயங்கள்.

இந்தப் பாகுபாடு கல்லூரிப் பாடநூல்களில் பிறந்ததன்று. நெருக்கடியில் சிக்கிய ஒரு தொழிலதிபரின் கவலையிலிருந்து அது வெளிப்பட்ட வரலாற்றை முதலில் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், குயவர் குடும்பம் ஒன்றில் 1730-இல் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட், தம் கைத்திறத்தாலும் ஓயாத பரிசோதனைகளாலும் உயர்ந்து, சார்லட் அரசிக்கே பாத்திரங்கள் செய்து அளிக்கும் பெருமையை அடைந்து, 1769-இல் எட்ரூரியா என்னும் பெயரால் புதிய தொழிற்சாலை ஒன்றைத் திறந்தார். அவருடைய அலங்கார ஜாடிகளைச் சீமான்களும் சீமாட்டிகளும் போட்டியிட்டு வாங்கிய காலத்தில், செலவைத் துருவிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. ஆனால் 1772-ஆம் ஆண்டின் நடுவில் லண்டனில் வங்கி ஒன்று முறிந்து, அதைத் தொடர்ந்து கடன் கிடைப்பது நாடெங்கும் அருகிப் போக, வாங்குவோர் குறைந்து, செய்த சரக்கு கிடங்கிலேயே தேங்கியது. விலையைக் குறைத்தால் ஒழிய விற்பனை இல்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதோ செலவை அறிந்தால் ஒழியத் தெரியாது. அந்த நிர்ப்பந்தத்தினால் வெட்ஜ்வுட் ஒவ்வொரு ஜாடிக்கும் ஆகும் செலவை இனம் இனமாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்.

அவ்வாறு எழுதியபொழுது அவர் கண்டதை, லண்டன் விற்பனையைக் கவனித்துவந்த தம் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். உருவமைப்புக்கும் அச்சுகளுக்கும் ஆகும் செலவு, வாடகை, எடுபிடி வேலை செய்யும் சிறுவர்களுக்கும் கிடங்குக்காரருக்கும் கணக்கெழுதுபவருக்கும் கொடுக்கும் கூலி ஆகிய இவை, வாரத்துக்கு 20 டஜன் ஜாடி செய்தாலும் 10 டஜன் செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கின்றன. ஆகையால் பாதி அளவு செய்யும் வாரத்தில் ஒவ்வொரு ஜாடியின் மேலும் அச்செலவு இருமடங்காக விழுகிறது என்பதே அவர் கண்ட உண்மை. அதிலிருந்து அவர் பெற்ற முடிவும் கவனிக்கத்தக்கது. இயன்ற வரை மிகுதியாக உற்பத்தி செய்யவேண்டும். சீமான்களோடு நில்லாமல் நடுத்தர மக்களும் வாங்கும்படி விலையைத் தாழ்த்தவேண்டும். அவ்வாறு தாழ்த்தும்போது மாறும் செலவுக்கு மேல் வருவது அனைத்தும் அந்த அசையாத சுமையைத் தாங்க உதவும் என்று அவர் உணர்ந்தார். பங்களிப்பு என்ற பெயரை அவர் சூட்டவில்லை; பொருளை மட்டும் தெளிவாகக் கண்டுவிட்டார்.

அவருக்குப் பின், ரயில்வேக்களின் பொருளாதாரத்தைப் பற்றி 1850-இல் நூல் எழுதிய டயோனீசியஸ் லார்ட்னர், போக்குவரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவுகளையும் அவ்வாறு அசையாத செலவுகளையும் வேறு பிரித்து ஆராய்ந்தார். கார்க்கி, ஃபெல்ஸ் என்னும் இருவர் 1887-இல் தொழிற்சாலைக் கணக்குகளைப் பற்றி வெளியிட்ட நூலில், ஸ்தாபனச் செலவுகள் உற்பத்தியின் அளவோடு மாறாதவையாகையால் அவற்றைப் பொருள்களின் தலையில் பங்கிட்டுச் சுமத்துவது முறையன்று என்று வாதித்தார்கள். கருத்து முதிர்ந்துவிட்டது, அதனைக் கணக்கு முறையாக அமைப்பதே எஞ்சியிருந்தது.

இனிக் கணக்கிடும் முறைக்கு வருவோம். விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் பங்களிப்பு. ஆகவே விற்பனையிலிருந்து பங்களிப்பைக் கழித்தால் மாறும் செலவு. சிறு பிள்ளைக்கும் விளங்கும் கழித்தல் இது. ஆனால் நடைமுறையில் பங்களிப்பு என்னும் தொகை பேரேட்டில் எழுதி வைக்கப்பட்டிராது. அதனை நாமே தேடிப் பெறவேண்டும். பங்களிப்பு முதலில் மாறாச் செலவை ஈடு செய்து, பின்பு மிஞ்சுவதே லாபம் ஆகிறது. ஆதலால் மாறாச் செலவையும் லாபத்தையும் கூட்டினால் பங்களிப்பு கிடைக்கும். நஷ்டமான மாதத்தில் மாறாச் செலவிலிருந்து நஷ்டத்தைக் கழித்தால் அது கிடைக்கும். மாறாச் செலவும் தெளிவாகத் தெரியாதவிடத்து, இரண்டு மாதங்களின் விற்பனையையும் லாபத்தையும் ஒப்பிட்டே பங்களிப்பைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றினும் மிகுந்த பிரயோஜனமுடைய இம்முறையை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். உதாரணத்துக்கு நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை.

பீங்கான் ஜாடி செய்யும் ஒரு பட்டறையில் ஜாடி ஒன்றின் விலை 200 ரூபாய் என்று கொள்வோம். முதல் மாதத்தில் 5,000 ஜாடிகள் விற்று 10,00,000 ரூபாய் வந்தது. லாபம் 1,00,000 ரூபாய். அடுத்த மாதத்தில் 6,000 ஜாடிகள் விற்று 12,00,000 ரூபாய் வந்தது. லாபம் 1,80,000 ரூபாய். விற்பனை 2,00,000 கூடியபொழுது லாபம் 80,000 கூடியிருக்கிறது. மாறாச் செலவு இரண்டு மாதங்களிலும் ஒன்றேயாதலால், கூடிய லாபம் முழுவதும் கூடிய பங்களிப்பே ஆகும். எனவே விற்பனையின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40 ரூபாய் பங்களிப்பு. மற்ற 60 ரூபாய் மாறும் செலவு. முதல் மாத விற்பனையான 10,00,000 ரூபாயில் பங்களிப்பு 4,00,000. மாறும் செலவு 6,00,000. ஜாடி ஒன்றுக்கு 120 ரூபாய். பங்களிப்பில் லாபத்தைக் கழித்தால் மாறாச் செலவு 3,00,000 என்பதும், அதனை ஈடு செய்வதற்கு வேண்டிய விற்பனை 7,50,000 ரூபாய், அதாவது 3,750 ஜாடிகள் என்பதும் தாமே வெளிப்படுகின்றன. நான்கே எண்களைக் கொண்டு பட்டறையின் உள்ளமைப்பு முழுவதும் புலப்பட்டுவிடுகிறது.

இதனால் விளையும் நன்மை யாது? வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, 1,000 ஜாடிகளை 150 ரூபாய் வீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ஜாடிகள் செய்த மாதத்தில் மொத்தச் செலவு 9,00,000. அதை வகுத்தால் ஜாடிக்கு 180 ரூபாய். இந்த எண்ணை நம்புகிறவர், ஜாடிக்கு 30 ரூபாய் நஷ்டம் என்று சொல்லி வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். மாறும் செலவு 120 என்று அறிந்தவரோ, ஜாடிக்கு 30 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் மேற்கொண்டு கிடைக்கும் என்பதைக் காண்பார். சூளையில் இடம் இருந்து, வழக்கமாக வாங்குவோர் அதே சலுகையைக் கேட்கும் நிலை ஏற்படாது என்றால், அவர் அந்த வியாபாரத்தை ஏற்றுக்கொள்வதே விவேகம். 1772-இல் வெட்ஜ்வுட் விலையைத் தாழ்த்தத் துணிந்ததற்கு ஆதாரமும் இதே தருக்கம்தான்.

இவ்வளவு எளிதாயிற்றே என்று இவ்விடத்தில் நின்றுவிடுகிறவர்களை எச்சரிக்கவே நான் முக்கியமாக இங்கு வந்தேன். கழித்தல் ஒருநாளும் பொய் சொல்லாது. ஆனால் கழிப்பதற்கு நாம் கொடுக்கும் எண்கள் பொய் சொல்லக்கூடும். எந்தச் செலவு அசையும், எந்தச் செலவு அசையாது என்று முன்னமே செய்த பாகுபாட்டின் நேர்மையே விடையின் நேர்மை. இதனை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, இரண்டு மாதங்களும் ஒத்தவையாக இருக்கவேண்டும். நம் பட்டறைக்காரர் இரண்டாம் மாதத்தில் சரக்கு வைக்க இன்னோர் அறையைப் பிடித்து, அதற்கு 10,000 ரூபாய் வாடகை கொடுத்தார் என்று கொள்வோம். லாபம் 1,70,000 ஆகிவிடும். கூடிய லாபம் 70,000 மட்டுமே. பங்களிப்பு விகிதம் 40 அன்று, 35 என்று காணும். மாறும் செலவு ஜாடிக்கு 130 என்று விடை வரும். களிமண் விலையும் ஏறவில்லை, நிலக்கரி விலையும் ஏறவில்லை. ஓர் அறையின் வாடகை ஒவ்வொரு ஜாடியின் மேலும் 10 ரூபாயாக வேஷமிட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. விலை மாற்றமும், மூலப்பொருள்களின் விலை ஏற்றமும், பலவகைச் சரக்குகளின் கலப்பு விகிதம் மாறுவதும் இதே விதமாகக் கணக்கைக் கெடுக்கும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன், இரு மாதங்களுக்கும் இடையே விற்பனை அளவைத் தவிர வேறு எவை மாறின என்று விசாரித்து, அவற்றை நீக்கிய பின்பே கழிக்க வேண்டும்.

இரண்டாவது, கூலியைப் பற்றியது. இதுவே மிக நுட்பமானது. ஜாடிக்குச் சித்திரம் தீட்டுபவருக்கு ஆகும் 40 ரூபாயைக் கணக்கப்பிள்ளை பழைய வழக்கப்படி மாறும் செலவில் எழுதி, மாறும் செலவு 120 என்று காட்டுகிறார். ஆனால் தீட்டுபவர்களோ மாதச் சம்பளக்காரர்கள். முதல் மாதத்தில் அவர்களுக்குக் கொடுத்த 2,00,000 ரூபாயே இரண்டாம் மாதத்துக்கும் கொடுத்தாயிற்று. அவர்கள் அதே சம்பளத்துக்கு 1,000 ஜாடிகளை அதிகமாகத் தீட்டினார்கள். அப்பொழுது இரண்டாம் மாத லாபம் 1,80,000 அன்று, 2,20,000. கூடிய லாபம் 1,20,000. பங்களிப்பு 100-க்கு 60. மாறும் செலவு ஜாடிக்கு 80 மட்டுமே. மாறாச் செலவு 3,00,000 அன்று, 5,00,000. சித்திரம் நன்றாக இருக்கிறதே, லாபம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாயிற்றே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. 3,750 ஜாடிகள் விற்றால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று கணக்கப்பிள்ளையின் ஏட்டை நம்பியிருக்கும் முதலாளி, வியாபாரம் மந்தமான மாதத்தில் அதே 3,750 ஜாடிகளை விற்று, பங்களிப்பு 4,50,000 மட்டுமே கிடைத்து, 50,000 ரூபாய் நஷ்டத்தில் நிற்பார். ஏறும்போது இனித்த தவறு இறங்கும்போது கசக்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல பரீட்சை நமக்குக் கிடைக்கிறது. ஏட்டின் தலைப்புகளைக் கூட்டி ஒரு மாறும் செலவைக் காணுங்கள். லாபத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து பங்களிப்பைக் கண்டு, அதன் வழியே மற்றொரு மாறும் செலவைக் காணுங்கள். இரண்டும் ஒத்தால் நல்லது. ஒவ்வாவிட்டால், அந்த வேற்றுமையைச் சில்லறைப் பிழை என்று தள்ளிவிடாமல், எந்தச் செலவை நாம் தவறான இனத்தில் சேர்த்திருக்கிறோம் என்று தேடுங்கள். பங்களிப்பிலிருந்து பின்னோக்கிச் சென்று செலவைக் காணும் முறையின் தலையாய பயன் இதுவே என்பது என் உறுதியான அபிப்பிராயம். அது ஏட்டுக்குச் சாட்சி நிற்க வெளியிலிருந்து வரும் ஒரு குரல்.

மூன்றாவது, எந்த லாபத்தை எடுத்துக்கொள்வது என்னும் கேள்வி. பழைய உதாரணத்துக்கே திரும்புவோம்: மாறும் செலவு 120, மாறாச் செலவு 3,00,000. முதல் மாதத்தில் 6,000 ஜாடிகள் செய்து 5,000 விற்றார். அடுத்த மாதத்தில் 5,000 செய்து, கிடங்கில் இருந்த 1,000-ஐயும் சேர்த்து 6,000 விற்றார். மாறாச் செலவையும் பொருள்களின் மேல் ஏற்றிக் கணக்கிடும் முழுச் செலவு முறையில், முதல் மாதத்தில் ஜாடிக்கு 50 ரூபாய் ஏறுகிறது. விற்காத 1,000 ஜாடிகளோடு 50,000 ரூபாய் கிடங்குக்குள் போய்விடுகிறது. லாபம் 1,50,000 என்று ஏடு காட்டுகிறது. இரண்டாம் மாதத்தில் ஜாடிக்கு 60 ரூபாய் ஏறுகிறது. கிடங்கிலிருந்து அந்த 50,000-மும் வெளியே வருகிறது. லாபம் 1,30,000 என்று ஏடு காட்டுகிறது. விற்பனை 2,00,000 உயர்ந்திருக்க, லாபம் 20,000 குறைந்திருக்கிறது! இவ்வெண்களை நம் சூத்திரத்தில் இட்டால், மாறும் செலவு விற்பனையில் 100-க்கு 110 என்றும், 200 ரூபாய் ஜாடியைச் செய்ய 220 ரூபாய் மாறும் செலவு என்றும் விபரீதமான விடை வரும். இரண்டு மாத லாபத்தைக் கூட்டினால் எந்த முறையிலும் 2,80,000 தான். பணம் எங்கும் மறைந்துவிடவில்லை. மாதங்களுக்கிடையே அது இடம் மாறி நின்றதனாலேயே கணக்கு மயங்கிற்று.

விற்பனை ஏறிய மாதத்தில் லாபம் ஏன் இறங்கியது என்னும் இந்தக் குழப்பம், அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய டூயீ அண்ட் ஆல்மி என்னும் ரசாயனக் கம்பெனியின் கணக்கதிகாரியான ஜானதன் ஹாரிஸை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. போன மாதம் நாம் சம்பாதித்தது என்ன என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, அமெரிக்கச் செலவுக் கணக்காளர் சங்கத்தின் வெளியீட்டில் 1936-இல் அவர் எழுதிய கட்டுரை, மாறும் செலவை மட்டும் பொருளின் மேல் ஏற்றி, மாறாச் செலவை அந்தந்த மாதத்திலேயே எழுதித் தீர்க்கும் முறையைப் பரவச் செய்தது. ஆனால் வெளியாருக்கு அளிக்கும் நிதியறிக்கையில் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது, உற்பத்தி சார்ந்த மாறாச் செலவின் பங்கையும் சேர்க்கவேண்டும் என்றே நம் நாட்டின் 2-ஆம் கணக்கியல் தரம் விதிக்கிறது. அந்த விதிக்கு நாம் கட்டுப்பட்டவர்களே. ஆயினும் உள்ளே அமர்ந்து முடிவெடுப்பவர், விலையை நிர்ணயிக்கவும் உற்பத்தியைத் திட்டமிடவும் பங்களிப்புக் கணக்கைத் தனியே வைத்துக்கொள்ள எந்த விதியும் தடை சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாறாச் செலவு என்பது என்றென்றும் மாறாதது என்று பொருளன்று. 5,000 முதல் 6,000 ஜாடி வரை ஒரு சூளை போதும். 10,000 செய்ய நினைத்தால் மற்றொரு சூளை வேண்டும். அன்று மாறாச் செலவு ஒரே தாவலில் உயர்ந்துவிடும். நாம் கண்ட 120 ரூபாய், நாம் கண்ட எல்லைக்குள் மட்டுமே உண்மை. கால அளவை நீட்டினால் வாடகையும் மாறும், சம்பளமும் மாறும், பட்டறையே மாறும். ஆகவே எந்த அளவுக்கு, எந்தக் காலத்துக்கு, எந்த முடிவுக்காக இந்த எண்ணைக் காண்கிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது அவசியம். வெவ்வேறு நோக்கங்களுக்கு வெவ்வேறு செலவுகள் என்னும் இந்தத் தத்துவத்தை, மேற்செலவுகளின் பொருளாதாரத்தைப் பற்றி 1923-இல் விரிவான நூல் எழுதிய ஜான் மாரிஸ் கிளார்க் வற்புறுத்தினார்.

அதே கிளார்க் வேறோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார். அதனைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிப்பது நியாயமாகாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் முதலாளிக்குத் தொழிலாளியின் கூலி மாறும் செலவு. உற்பத்தி நின்றால் கூலியும் நிற்கும். ஆனால் அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு உணவும் உடையும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும், வேலை இருந்த மாதத்திலும் இல்லாத மாதத்திலும் ஒரே அளவாகவே வேண்டியிருக்கின்றன. ஸ்தாபனத்தின் ஏட்டில் மாறும் செலவாக உள்ளது சமுதாயத்தின் ஏட்டில் மாறாச் செலவாக இருக்கிறது. பட்டறையை மூடுவதனால் முதலாளி மிச்சப்படுத்தியதாக எண்ணும் தொகை உலகத்திலிருந்து மறைந்துவிடுவதில்லை; அது தொழிலாளியின் கடனாகவோ, உறவினரின் சுமையாகவோ, ஊரின் பொறுப்பாகவோ இடம் மாறி நிற்கிறது.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் கணக்காளர்களாக அமரும்போது விற்பனையிலிருந்து பங்களிப்பைக் கழித்து மாறும் செலவை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவீர்கள். அதனைச் சொல்வதற்கு முன், பங்களிப்பு எவ்வாறு கிடைத்தது, எந்த மாதங்களை ஒப்பிட்டோம், கிடங்கில் என்ன நிற்கிறது, யாருடைய கூலியை எந்த இனத்தில் எழுதினோம் என்னும் நான்கையும் கேட்டுத் தெளியுங்கள். தொழில் நடத்தும் பெரியோர்களே, உங்கள் கணக்கப்பிள்ளை தரும் எண்ணை ஏற்பதற்கு முன் நீங்களும் அவற்றையே கேளுங்கள். மந்தமான காலத்தில் யாருடைய வேலையை நிறுத்தலாம் என்று யோசிக்கும்போது, ஏட்டில் மாறும் செலவு என்று எழுதியிருப்பதனாலேயே அந்தக் கூலி நிறுத்துவதற்கு உரியதாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று சொல்வதோடு கணக்கின் கடமை முடிகிறது. எதைச் செய்வது தகும் என்று தீர்மானிக்கும் கடமை நம்முடையது, அதை எந்தச் சூத்திரத்தின் தலையிலும் நாம் ஏற்றிவிட முடியாது.